தண்ணீரைத் தடுக்காத கவசம்

ஒகேனக்கலுக்கு மேலே காவிரியில் மகசீர் மீனுக்குத் தூண்டில் போட்டவர்கள் பெரிதும் நம்பியது ராகியைத்தான். களியை இறுகக் கிண்டி, உருட்டி, முள்ளை உள்ளே ஒளித்து, நரம்பில் ஈயத்தைக் கட்டி ஆற்றில் இறக்குவார்கள். தருமபுரிக்காரர் தின்பதையே மீனும் தின்றது என்று சொல்லலாம். ஆனால் எல்லா மீனும் களிக்கு வராது. வாளையும் விராலும் வேட்டைக்காரர்கள். ஓடுகிற சின்ன மீனைத் துரத்திக் கவ்வுவதுதான் அவற்றின் பிழைப்பு. அவற்றுக்கு மாவு உருண்டை பொருட்டே இல்லை. பளிச்சென்று மின்னி, காயம்பட்ட மீனைப்போலத் தள்ளாடி ஓடும் ஏதாவது வேண்டும். அதற்குத்தான் உலோகத் தகட்டுத் தூண்டில். கடைக்காரர் மொழியில் ‘ஸ்பூன்’.

பெயருக்கு ஏற்றாற்போல் அது கரண்டியின் தலைதான். அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் ஏரியில் தவறவிட்ட கரண்டியை மீன் பாய்ந்து கவ்வியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை அவருக்கு வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அவர் 1852இல் காப்புரிமை வாங்கியது நிஜம். இன்றைக்கும் வீட்டில் செய்வது கடினமில்லை. ஒரு மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டை இலை வடிவில் வெட்டி, மரக்கட்டையில் செதுக்கிய குழியின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி வளைத்து, இரண்டு முனையிலும் துளையிட்டு, ஒருபக்கம் வளையமும் மறுபக்கம் முள்ளும் மாட்டினால் தீர்ந்தது. பழைய எவர்சில்வர் கரண்டியின் காம்பை அறுத்துவிட்டுச் செய்கிறவர்களும் உண்டு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி காடுகளில் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் தூண்டிலோடு போக முடியாது. காவிரிப் படுகையின் திமில் மகசீர் அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். அதற்கு முறையான அறிவியல் பெயரே 2018இல்தான் உறுதியானது. ஆகவே இனி நான் சொல்வதெல்லாம் மீன்பிடிக்க அனுமதியுள்ள ஏரிகளுக்கும் அணைகளுக்கும்தான்.

செய்து முடித்த அன்று பித்தளைத் தகடு தங்கம் மாதிரி இருக்கும். நாலு தடவை நனைந்து, பெட்டியில் ஈரத்தோடு கிடந்தால் பழுப்பேறிவிடும். துளையின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு பூக்கும். காற்றில் இருக்கும், நீரிலும் கரைந்திருக்கும் ஆக்சிஜன் செம்போடு சேர்ந்து ஆக்சைடாகிறது. அழுகும் சேற்றிலிருந்து கிளம்பும் கந்தகச் சேர்மங்கள் செம்பைக் கறுப்பாக்குகின்றன. இன்னொன்றும் நடக்கும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகம் செம்பைவிட எளிதில் எதிர்வினைக்கு உட்படும். நீரில் நெடுநாள் கிடந்தால் துத்தநாகம் மட்டும் கரைந்து போய், செம்பு பஞ்சுபோல மிஞ்சும். மஞ்சள் தகட்டில் அங்கங்கே செந்நிறத் திட்டு தெரிந்தால் அந்த வேலை தொடங்கிவிட்டது என்று பொருள்.

எவர்சில்வருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதிலுள்ள குரோமியம் காற்று பட்ட கணமே தன்மேல் ஒரு ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொள்கிறது. சில நானோமீட்டர் தடிமன்தான். கீறினாலும் தானே மறுபடி உருவாகும். நாம் பித்தளைக்குக் கையால் பூச நினைப்பதை அது பிறவியிலேயே போர்த்திக்கொண்டு வந்திருக்கிறது. அப்படியானால் எவர்சில்வரிலேயே செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் பித்தளை மெத்தென்று வளையும், கனம் கூடுதல், அந்த மஞ்சள் மினுமினுப்பும் எவர்சில்வரில் வராது. கலங்கலான ஏரி நீரில் மஞ்சள்தான் எடுபடும் என்று சாதிக்கிறவர்கள் ஏராளம். நான் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

ஆக, பளபளப்பைக் காக்க நிறமில்லாத பூச்சு ஒன்று வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் ஒரு தவறான படத்தை மனதில் வைத்துக்கொண்டு வேலையில் இறங்குகிறார்கள். பூச்சு என்பது கண்ணாடிச் சுவர், அது தண்ணீரை வெளியே நிறுத்திவிடும், எவ்வளவு தடிமனோ அவ்வளவு காப்பு என்பது அந்தப் படம்.

கேம்பிரிட்ஜில் வேலை செய்த ஜே.இ.ஓ. மேய்ன் என்ற வேதியியலாளர் 1950-களின் தொடக்கத்தில் இந்தப் படத்தைக் கலைத்துப்போட்டார். இரும்பின் மேல் பூசிய பெயின்ட் படலங்களின் வழியே எவ்வளவு நீரும் ஆக்சிஜனும் ஊடுருவுகின்றன என்ற அளவுகளை எடுத்துக்கொண்டு, பூச்சே இல்லாத இரும்பு துருப்பிடிக்க எவ்வளவு தேவைப்படுகிறது என்பதோடு ஒப்பிட்டார். துருவுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே படலம் உள்ளே விட்டது. அதாவது பூச்சு தண்ணீரைத் தடுக்கவே இல்லை. பிறகு எப்படிக் காக்கிறது? அயனிகளை நகரவிடாமல்.

உலோகம் அரிப்பது ஒரு மின்வேலை. தகட்டின் ஓர் இடத்தில் அணு எலெக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. இன்னோர் இடத்தில் ஆக்சிஜன் அந்த எலெக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. எலெக்ட்ரான் உலோகத்துக்குள்ளே ஓடும். சுற்று முழுமையாக வேண்டுமானால் வெளியே ஈரத்தின் வழியாக அயனிகள் இடம் மாற வேண்டும். நல்ல பூச்சு நீர் மூலக்கூறை விடும், ஆனால் சோடியம், குளோரைடு போன்ற மின்னேற்றமுள்ளவற்றுக்கு அதன் வழி மிகமிகக் கடினம். சுற்று அறுபடுகிறது, அரிப்பு நின்றுவிடுகிறது. இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. பூச்சு உலோகத்தோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். ஓர் இடத்தில் விட்டுப் பிரிந்தால் அங்கே ஈரம் குளமாகத் தேங்கி, மூடிய அறைக்குள் சுற்று ஓட ஆரம்பித்துவிடும்.

மேய்ன் பார்த்தது இரும்பை. பித்தளைக்கும் அடிப்படை அதுவே. இதைப் புரிந்துகொண்டால், டப்பாவைத் திறக்கும் முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

தகட்டைச் சுத்தம் செய்வதில் தருமபுரிக்காரருக்குச் சொல்லித்தர எதுவுமில்லை. புளிக்குப் பேர்போன மாவட்டம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைத்துத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும். குத்துவிளக்கும் தவலையும் தேய்த்த கைக்கு இந்தத் தகடு எம்மாத்திரம்? ஆனால் விளக்கு விளக்குவதோடு ஒப்பிட்டால் இங்கே வேலை பாதியில்தான் நிற்கிறது. புளியோ பீதாம்பரியோ எதைப் போட்டாலும் கடைசியில் அமிலமும் உப்பும் மிச்சமில்லாமல் போக வேண்டும். ஒரு சிட்டிகை சமையல் சோடா கரைத்த நீரில் அலசினால் அமிலம் முறியும். பிறகு நல்ல தண்ணீர்.

எது நல்ல தண்ணீர் என்பதுதான் இந்த மாவட்டத்தில் கேள்வியே. தருமபுரியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பல ஊர்களில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியது. தலைமுறைகளின் பற்கள் பழுப்பேறின. அதற்காகவே ஜப்பான் நிதியுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஃபுளோரைடு மட்டுமல்ல, போர்த் தண்ணீரில் கரைந்த உப்புகளும் அதிகம். எவர்சில்வர் குடத்தில் துளி காய்ந்தால் வெள்ளையாக வட்டம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வட்டம் பளபளக்கும் பித்தளையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் விழும். அதன்மேல் பூச்சு அடித்தால் என்ன ஆகும்?

பூச்சின் வழியே நீர் மூலக்கூறு நுழையும் என்று பார்த்தோம். நுழைந்த நீர் அடியில் கிடக்கும் உப்பைக் கரைக்கிறது. உள்ளே அடர்ந்த உப்புக் கரைசல், வெளியே நல்ல ஏரி நீர், நடுவே நீரை மட்டும் விடும் படலம். பள்ளிக்கூடத்தில் படித்த சவ்வூடு பரவல் இதுதான். வெளிநீர் உள்ளே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். படலம் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிக்கொள்ளும். பூச்சு மட்டமான சரக்கு என்று டப்பாவைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் திட்ட வேண்டியது கடைசியாக அலசிய தண்ணீரை.

தீர்வு மலிவானது. மெக்கானிக் கடையில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர் உப்பு நீக்கியது. கடைசி அலசலுக்கு ஒரு டம்ளர் போதும். ஐப்பசி மழையில் பிடித்து வைத்த தண்ணீரும் ஆகும்.

அலசும்போதே ஒரு சோதனையும் நடந்துவிடும். தகட்டை நனைத்துச் சாய்த்துப் பிடியுங்கள். நீர் முழுப்பரப்பிலும் ஒரே தாளாகப் படர்ந்து நின்றால் எண்ணெய்ப் பசை இல்லை. முத்து முத்தாக உருண்டாலோ, ஓரிடத்தில் மட்டும் நீர் விலகி ஓடினாலோ அங்கே பிசுக்கு இருக்கிறது. தொழிற்சாலைகளில் முலாம் பூசுமுன் பார்க்கும் சோதனையும் இதுவேதான். பிசுக்கை எடுக்க அசிட்டோன் நல்லது. வாசனை போட்ட நகப்பூச்சு நீக்கி வேண்டாம். விரல் வறளாமலிருக்க அதில் எண்ணெய் கலந்திருக்கும். ஓர் அழுக்கை எடுத்து இன்னோர் அழுக்கைப் பூசிய கதையாகிவிடும்.

இதற்குப் பிறகு தகட்டை விரலால் தொடக்கூடாது. வியர்வையில் குளோரைடு இருக்கிறது. பூசிய அன்று ஒன்றும் தெரியாது. மாதங்கள் போனபின் பளிங்குபோன்ற படலத்துக்கடியில் உங்கள் கட்டைவிரல் ரேகை பழுப்பு நிறத்தில் வரி வரியாக எழுந்து நிற்கும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வைத்ததுபோல அத்தனை துல்லியமாக. அப்போது அதைத் துடைக்கவும் முடியாது, கண்ணாடிக்குள் இருக்கிறது. துளையில் கம்பியை மாட்டி, கம்பியை மட்டும் பிடிப்பதே வழி.

அடுத்தது விளிம்பு. தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டிய தகட்டின் ஓரம் கத்திபோல் இருக்கும். திரவமாகப் பூசிய பூச்சு, தன் பரப்பு இழுவிசையால் கூர்மையான ஓரத்திலிருந்து பின்வாங்கி சமதளத்தில் திரண்டுகொள்ளும். காய்ந்தபின் நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமலும் இருக்கும். களிம்பு எப்போதும் ஓரத்திலும் துளையின் வாயிலும் தொடங்குவதற்கு இதுவே காரணம். அரம் போட்டு ஓரத்தையும் துளையின் உதட்டையும் உருட்டிவிட்டால் பூச்சுக்கு நிற்க இடம் கிடைக்கும். துளைக்கு வேறொரு பகையும் உண்டு. அதில் மாட்டிய எஃகு வளையம் ஒவ்வொரு வீச்சுக்கும் ஆடி ஆடி உரசும். எந்தப் பூச்சும் அங்கே நெடுநாள் நிற்காது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, எதைப் பூசுவது?

கைக்கு எளிதில் கிடைப்பது நிறமில்லாத நகப்பூச்சு. அதன் உடம்பு நைட்ரோசெல்லுலோஸ், பஞ்சின் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தால் மாற்றிச் செய்தது. நீலகிரியின் அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலையில் உந்துமருந்துக்காகச் செய்யப்படுவதும் இதே குடும்பப் பொருள்தான், நைட்ரஜன் அளவில்தான் வேறுபாடு. கல்யாணப் பெண்ணின் நகத்திலும் துப்பாக்கித் தோட்டாவிலும் ஒரே சரக்கு! அடுப்புப் பக்கத்தில் வைத்துப் பூச வேண்டாம் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இதில் கரைப்பான் ஆவியாகப் போனதும் மிஞ்சுவதுதான் படலம், வேறு வேதிவினை ஏதும் இல்லை. மரத்துக்கு அடிக்கும் என்.சி. லாக்கரும் இதே வகை. ஸ்பிரே டப்பாவில் வரும் அக்ரிலிக் வேறு பொருளானாலும், காயும் விதம் ஒன்றே. மழைநாளில் மட்டும் ஜாக்கிரதை. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிரும். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, படலம் பால்போல் வெளுத்துவிடும். ஒகேனக்கலில் அருவிச் சாரல் பறக்கும் இடத்தில் லாக்கர் அடிப்பதும், பாலக்கோட்டு வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து அடிப்பதும் ஒன்றல்ல.

எபாக்சி வேறு சாதி. இரண்டு குழாயைப் பிதுக்கிக் கலக்கும் பசையை எல்லாரும் அரால்டைட் என்றே சொல்கிறோம். ஒன்றில் எபாக்சி வளையங்கள், மற்றதில் பெரும்பாலும் அமீன். வளையம் திறந்து அமீனோடு பிணைந்து, முடிவில் முழுப் பூச்சும் ஒரே வலையாகிவிடுகிறது. ஆவியாகப் போவது எதுவுமில்லை என்பதால் ஒரே பூச்சில் தடிப்பாக நிற்கும், கல்லில் பட்டாலும் தாங்கும். கெட்டியாகட்டும் என்று இரண்டாவது குழாயைக் கூடுதலாகப் பிதுக்குவது வீண். இணை கிடைக்காத அமீன் பிசுபிசுப்பாகவே நின்று ஈரத்தை இழுக்கும். டப்பாவில் போட்ட விகிதமே வேதிக்கணக்கு. கையில் படவிடாதீர்கள். சிலருக்கு ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் ஆயுளுக்கும் விடாது. இன்னொன்று, அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி ஐம்பது அறுபது டிகிரி வெப்பத்தில் மறுபடி இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் பைக்கின் டேங்க் கவருக்குள் கிடக்கும் பெட்டி அந்த வெப்பத்தை எட்டுவது பெரிய காரியமில்லை.

புற ஊதா ஒளியில் இறுகும் ரெசின் இப்போது பிரபலம். அழகு நிலையத்து நக விளக்கு இருந்தால் சில நிமிடம், இல்லாவிட்டால் நம்மூர் வெயிலே போதும். கார் பட்டறையில் அடிக்கும் இரட்டைக் கலவைக் கிளியர் கோட் இவை எல்லாவற்றையும்விட உறுதி என்பது உண்மை. அதன் புகையிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும் என்பதும் உண்மை. முறையான முகக்கவசமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் ஒழிய, வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பூச்சு போட்டால் மினுமினுப்பு குறையுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒளியியல் ஓர் ஆறுதல் வைத்திருக்கிறது. இந்தப் பூச்சுகளின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, காற்றுக்கு 1, நீருக்கு 1.33. காற்றில் பூச்சின் மேற்பரப்பு விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் தானே திருப்பிவிடுகிறது. நீருக்குள் அது அரைப் பங்குக்கும் கீழே போய்விடும். நீரில் இறங்கியதும் பூச்சு கிட்டத்தட்ட மறைந்து, உலோகம் மட்டும் தெரியும். பூச்சில் விழுந்த கீறல்களுக்கும் இதே கதி. கையில் வைத்துப் பார்க்கும்போது மங்கலாக, கோடுகோடாகத் தெரிவது நீரில் பெரும்பாலும் காணாமல் போகும். உலோகத்திலேயே விழுந்த கீறலும் களிம்பும் எங்கும் மறையாது. மெல்லிய தகட்டுக்கு எபாக்சியைக் குழம்பாக ஊற்றினால் மட்டும் நட்டம் வேறு வழியில் வரும். தள்ளாட வேண்டிய தகடு சோம்பிவிடும். ஆடிப்பெருக்கில் அணைக்கு வரும் நீர் செந்நிறமாகும்போது மினுமினுப்பு ஒரு முழத்துக்கு மேல் போகாது. அப்போது வேட்டை மீன் தன் பக்கவாட்டுக் கோட்டால் நீரின் அதிர்வை உணர்ந்துதான் வருகிறது. தகட்டின் ஆட்டமே அன்றைக்கு இரை.

பூச்சு பித்தளையை மட்டுமல்லாமல் முள்ளையும் காக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. எஃகு முள்ளும் பித்தளைத் தகடும் நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. கரைந்து போகும் தரப்பு எஃகு. எலெக்ட்ரானை ஆக்சிஜனுக்குக் கைமாற்றும் தரப்பு பித்தளை. பித்தளையின் பரப்பு பெரிதாக இருக்க இருக்க முள்ளின் துரு வேகமெடுக்கும். அந்தப் பரப்பை மூடிவிட்டால் பேட்டரியின் ஒரு தகட்டையே கழற்றியதுபோல். ஏரியின் நன்னீரில் மின்கடத்தல் குறைவு என்பதால் விளைவு முள்ளின் தலைப்பகுதியோடு நின்றுவிடும். அதே தூண்டிலைக் கடலுக்குக் கொண்டுபோனால் வேறுபாடு சீக்கிரமே தெரியும்.

ஈயத்தை உருக்கி வார்த்த தூண்டில் தலைகளுக்குப் பூச்சு போடுவதன் காரணம் அழகல்ல. ஈயம் விஷம். பிரிட்டனில் அன்னப்பறவைகள் ஈயக்குண்டுகளை விழுங்கிச் செத்ததால் 1987இலேயே சிறிய ஈய எடைகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. நம்மூரில் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஈயத் தலைக்கு நான் எபாக்சியைத்தான் சொல்வேன். தடிப்பாக இருக்கட்டும், கழற்றவே முடியாமல் இருக்கட்டும். அந்த ஈயத்தை மறுபடி வெறுங்கையால் தொட யாருக்கும் காரணமில்லை.

பித்தளைத் தகட்டுக்கு என் தேர்வு நேர்மாறானது. அதற்குத் துணையாக ஒரு அருங்காட்சியக வழக்கத்தைச் சொல்கிறேன். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளை அரித்த நோயைத் தீர்க்க 1930இல் ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். எஸ். பரமசிவன் அங்கே மின்பகுப்பு முறையால் களிம்பை நீக்கும் வேலையைச் செய்தார். பிற்காலத்தில் உலகெங்கும் செம்பு, வெண்கலச் சிற்பங்களுக்குப் பயன்பட்ட ‘இன்க்ராலாக்’ என்ற பூச்சு அக்ரிலிக் லாக்கர்தான். செம்போடு பிணைந்து அதன் மேல் தனியே ஒரு மெல்லிய படலமாகும் பென்சோடிரையசோல் என்ற பொருளும் அதில் கலந்திருக்கும். எபாக்சி இதைவிட வலுவானது என்பது பழம்பொருள் காப்பாளர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் பூசியதைப் பின்னாளில் சேதமில்லாமல் கரைத்து எடுக்க முடிய வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் விதி. எந்தப் பூச்சும் ஒருநாள் தோற்கும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தூண்டில் தகட்டுக்கும் அந்தக் கணக்கு பொருந்துகிறது. துளை ஓரத்தில் உரசிப் பிரிந்த எபாக்சியைப் பிளேடால் சுரண்டி எடுப்பதற்குள் தகடே கீறல் காடாகிவிடும். பிரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் அடியில் போன ஈரம் அங்கேயே இருக்கும். லாக்கர் என்றால் ஒரு மூடியில் தின்னரை ஊற்றி, தகட்டை அரைமணி நேரம் போட்டு வைத்தால் போதும், பூச்சு கரைந்து வெறும் பித்தளை வெளியே வரும். பிறகு மறுபடி புளி, சோடா, பேட்டரித் தண்ணீர், மெல்லிசாக இரண்டு பூச்சு. முதல் பூச்சுக்கு ஒரு துளையில் தொங்கவிட்டால் இரண்டாவதுக்கு மறுதுளையில் தொங்கவிட வேண்டும். வடிந்து திரளும் துளி ஒரே முனையில் சேராது.